2008 சான்ட்ரோ: காசு எங்கே போகிறது?

வணக்கம் மக்களே! பின்னால் நிற்பது 2008 மாடல் ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் பிறந்து சென்னையிலேயே வயதான வண்டி. "இதை விற்றால் வருகிற காசைவிட ரிப்பேர் செலவு அதிகமாச்சே, எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். விற்கப் போகிறவருக்கு அந்தக் கணக்கு சரி. ஓட்டப் போகிறவர் புது வண்டியின் தவணையோடுதான் ஒப்பிட வேண்டும். 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதம் சுமார் 12,450 ரூபாய். வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அடிப்படை சரியாக இருக்கும் சின்ன கார் இவ்வளவு தின்னாது.

அரசாங்கச் செலவை முதலில் முடித்துவிடலாம். 15 வருடம் ஆனதும் வண்டியை எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். கூடவே பழைய வண்டிகளுக்கான பசுமை வரி. கடுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் ஐந்து வருடத்துக்குப் பிரித்துப் பார்த்தால் வண்டியை விற்கும் அளவுக்கு இல்லை.

அப்புறம் ஒர்க்‌ஷாப். இங்கே பர்ஸைக் காலி செய்வது பெரும்பாலும் ஸ்பேர் இல்லை, ஒரே வேலைக்கு இரண்டு தடவை கொடுக்கிற லேபர். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கிளட்ச் பிளேட் மட்டும் போதும் என்று மிச்சம் பிடித்தால், கொஞ்ச நாளில் அதோடு சேர்ந்து வேலை செய்யும் ரிலீஸ் பேரிங் கத்தும். மறுபடி கியர்பாக்ஸ் இறங்கும், மறுபடி அதே கூலி. அதனால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாகப் போடுங்கள். இறக்கிய கையோடு, இன்ஜின் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த சீல் விலை சொற்பம்.

இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டும் இப்படித்தான், மிச்சம் பிடித்தால் பிறகு பெரிய செலவு. "வண்டி அதிகம் ஓடலையே" என்பார்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். அது அறுந்தால் வால்வு வளைந்து, இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம்.

சென்னையின் பழைய கார் சாமான் சந்தையான புதுப்பேட்டையில் வாங்கலாமா? கதவு, கண்ணாடி, ஹெட்லைட் தாராளமாக வாங்கலாம். பிரேக், பெல்ட், ரப்பர் சாமான் எதையும் பழசாக வாங்காதீர்கள்.

இப்போது கேமராவைக் கீழே கொண்டுபோகிறேன், இதுதான் முக்கியம். கதவின் அடி விளிம்பில் சின்ன ஓட்டைகள் தெரிகிறதா? கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறுகிற வழி. இதில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று, கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் கொப்புளிக்கும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும், பைசா செலவில்லை. இதோ வருகிறது பாருங்கள், எவ்வளவு சேறு!

அடுத்து மிதியடியைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். டங் என்று கேட்டால் நல்லது. பொத் பொத் என்று கேட்டாலோ, ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்தும்போது அது உள்ளே இறங்கினாலோ விற்கிற யோசனையை ஆரம்பிக்கலாம். இன்ஜினுக்கு ஸ்பேர் கிடைக்கும். ஆனால் தரையை வெட்டி வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தாலும் பக்கத்துத் தகட்டில் துரு தொடரும். தங்கள் வண்டியைத் தட்டிப் பார்த்தவர்கள் என்ன சத்தம் வந்தது என்று எழுதுங்கள். அடுத்த வீடியோ ஏசி கம்ப்ரசர் பற்றி, அதற்குக் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொண்டு வாருங்கள்.