கத்தரிக்கோல் என்ற சொல் நழுவும்போது

எல்லோருக்கும் வணக்கம். பேச்சுப் பயிற்சியோடு சேர்த்து மூளைக்கு லேசான மின்சாரமும் கொடுக்கிற ஒரு முறையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். பேச்சுப் பயிற்சி அறையில் அடிக்கடி நடக்கிற ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அறுபது வயது இருக்கும், அவரிடம் ஒரு கத்தரிக்கோல் படத்தைக் காட்டுகிறேன். இரண்டு விரலை விரித்து மூடி வெட்டிக் காட்டுகிறார், "அதாம்மா, இந்தத் துணியெல்லாம் வெட்டுறது..." என்கிறார், பெயர் மட்டும் வரவில்லை. 'கத்' என்று எடுத்துக் கொடுத்ததும் முழுச் சொல்லும் வந்துவிடுகிறது. அதே படத்தை இன்னொருவரிடம் நீட்டினால் உற்றுப் பார்த்துவிட்டு "கத்தரிக்கோல்னா என்ன?" என்று என்னையே கேட்கிறார். மூன்றாமவருக்குச் சொல் நன்றாகத் தெரியும், ஆனால் வாய் ஒத்துழைக்காமல் திணறுகிறார், வாக்கியம் தந்தி மாதிரி உடைந்து உடைந்து வருகிறது.

மூன்றும் ஒரே நோயின் மூன்று வடிவங்கள். பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா, சுருக்கமாக பிபிஏ. 1982இல் மார்செல் மெசுலம் என்ற நரம்பியல் மருத்துவர், மற்ற அறிவுத்திறன் பெரும்பாலும் அப்படியே இருக்க மொழி மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்துபோன ஆறு பேரைப் பற்றி எழுதினார். பக்கவாதத்தில் பேச்சு ஒரே நாளில் போகும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். இதில் நரம்பணுக்களே சிதைந்துகொண்டு போவதால் தேய்வு நிற்பதில்லை. ஆரம்பத்தில் வீட்டில் இருப்பவர்கள் மறதி என்பார்கள், மன உளைச்சல் என்பார்கள், "வேணும்னே பேச மாட்டேங்கிறார்" என்றுகூடச் சொல்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் சொல்லப்படுபவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவருக்கு எல்லாம் புரியும்.

இந்தத் தேய்வை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அதனாலேயே "எப்படியும் போகப்போகிற பேச்சுக்கு எதற்குப் பயிற்சி?" என்று கைவிட்டுவிடுகிறார்கள். இது தப்பு. பயிற்சி எடுத்த சொற்கள் மேம்படுகின்றன. சிக்கல் என்னவென்றால், பயிற்சியை நிறுத்தினால் மங்கிவிடும், பயிற்சி எடுக்காத சொற்களுக்குப் பலன் சுலபத்தில் பரவாது.

சரி, மின்சாரம் இங்கே எதற்கு வருகிறது? மண்டைக்கு வெளியிலிருந்தே மூளைக்கு லேசான மின்சாரம் செலுத்துகிற டிடிசிஎஸ் என்ற முறையில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுக்குள் மின்வாயை, அதாவது எலக்ட்ரோடை வைத்து, தலையின் மேல், மொழிக்கான பகுதிக்கு நேராகக் கட்டுகிறார்கள். 1 அல்லது 2 மில்லி ஆம்பியர், சுமார் 20 நிமிடம். பழைய டார்ச் லைட்டின் இழை பல்புக்கே இதைப்போல நூறு மடங்கு வேண்டும். மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவைப்பதும் கிடையாது, "ஷாக் ட்ரீட்மென்ட்டா?" என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தோலில் லேசான அரிப்பு, குறுகுறுப்பு இருக்கும். இந்த மின்சாரம் நரம்பணுவைத் தானாக இயங்கவைப்பதில்லை, இயங்கத் தயாரான நிலைக்குக் கொஞ்சம் நகர்த்திவைக்கிறது. அதனால் மின்சாரம் ஓடும்போதே அவர் அந்தச் சொல்லைத் தேடவேண்டும், எழுதவேண்டும், சொல்லவேண்டும். மின்வாயைக் கட்டிவிட்டுச் சும்மா உட்காரவைத்தால் எந்தச் சொல்லும் திரும்பி வராது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரானா சாப்கினி என்ற ஆய்வாளரின் குழுவினர் 36 பிபிஏ நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. படத்தைப் பார்த்துப் பெயரை எழுதும் பயிற்சி, கூடவே மூளையின் இடது நெற்றிமடலின் கீழ்ப்பகுதியில் மின்சாரம். ஒரு கட்டத்தில் நிஜ மின்சாரம், இன்னொரு கட்டத்தில் பாசாங்கு. பாசாங்கு என்றால் முதலில் சில நொடி ஓடவிட்டு நிறுத்திவிடுவது, அந்த ஆரம்பக் குறுகுறுப்பு இருப்பதால் ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. நிஜ மின்சாரம் சேர்ந்தபோது பலன் கூடுதலாக இருந்தது, 2 மாதம் கழித்துப் பார்த்தபோதும் நின்றது, பயிற்சி எடுக்காத சொற்களுக்கும் பரவியது. ஆனால் சொல்லின் பொருளே அழிகிற வடிவத்தில், அதாவது "கத்தரிக்கோல்னா என்ன?" என்று கேட்டாரே, அவரைப் போன்றவர்களுக்கு, மின்சாரத்தால் கூடுதலாகப் பெரிய லாபம் கிடைக்கவில்லை. பாசாங்குக் கட்டத்திலும் பயிற்சி எடுத்த சொற்கள் முன்னேறின என்பதை மறக்காதீர்கள், எனக்கு இந்த ஆய்விலேயே பிடித்த விஷயம் அதுதான்.

இந்தத் துறையில் இதுவரை வந்தவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். நோய் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இணையத்தில் விற்கிற கருவியை வாங்கி வீட்டில் நீங்களே மாட்டிப் பார்க்கவும் வேண்டாம், மின்வாய் எங்கே உட்காருகிறது என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. தலைக்குள் உலோகம் இருந்தாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இந்த மின்சார முறை கிடைக்கிற இடம் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் நாள் வரும்போது ஒரு நோட்டில் முப்பது சொல் எழுதிக்கொண்டு வாருங்கள். பேரப்பிள்ளைகளின் பெயர், நோயாளி தினமும் கையில் எடுக்கிற பொருள், வலித்தால் சொல்லவேண்டிய சொல், வேண்டாம் என்று மறுக்கிற சொல். முடிந்தால் அவரையே சொல்லவிட்டு எழுதுங்கள், அவர் தேடித்தேடிச் சொல்ல அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, இடையில் நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள்.