தோல் தொழிலில் இறங்கிய டாக்டர் நீல்ரதன் சர்க்கார்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கல்கத்தாவில் சியால்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. என்.ஆர்.எஸ். என்று சொன்னால் அந்த ஊரில் யாரும் வழி காட்டிவிடுவார்கள். அந்த மூன்று எழுத்துக்கு உரியவர் டாக்டர் நீல்ரதன் சர்க்கார். மருத்துவராக அவரை வங்காளம் மறக்கவில்லை. ஆனால் அவர் சோப்பு ஆலை தொடங்கியதையும், தோல் பதனிடும் ஆலை நடத்திக் கைப்பணத்தை இழந்ததையும் பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நான் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், பல வருஷம் வேலை பார்த்தவன். அந்த ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இன்று அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

நீல்ரதன் பிறந்தது 1861 அக்டோபர் 1ஆம் தேதி, டயமண்ட் ஹார்பர் பக்கம் நேத்ரா என்ற கிராமத்தில். அதே 1861இல்தான் ரவீந்திரநாத் தாகூரும், வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராயும் பிறந்தார்கள். இந்த மூவரின் பாதைகளும் பின்னால் பலமுறை சந்திக்கின்றன. நீல்ரதனின் தம்பி ஜோகீந்திரநாத் சர்க்கார். வங்காளக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அகரவரிசை கற்ற ‘ஹாசி குஷி’ என்ற நூலை எழுதியவர் அவர்தான்.

குடும்பத்தில் வசதி கிடையாது. முதலில் கேம்பெல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே வங்காளி மொழியிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார்கள். அதை முடித்தவர்களுக்கு அரசாங்கத்தில் கிடைத்ததெல்லாம் கீழ்நிலை வேலைதான். நீல்ரதன் அதோடு நிற்கவில்லை. கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார், பி.ஏ. முடித்தார், அப்புறம் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நுழைந்து எம்.பி., எம்.டி. பட்டங்களை வாங்கினார். 1890களில் அவர் பெயர் நகரம் முழுக்கப் பரவிவிட்டது. ஐரோப்பிய மருத்துவர்களுக்கு நிகராக மதிக்கப்பட்டு, நல்ல வருமானமும் பார்த்த இந்திய மருத்துவர்கள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களில் இவரும் ஒருவர்.

அந்தக் காலத்தில் கல்கத்தாவில் இப்படிச் சம்பாதித்த டாக்டர்களும் வக்கீல்களும் பணத்தை எங்கே போட்டார்கள்? நிலத்தில் போட்டார்கள், அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டார்கள். 1793இல் வந்த நிரந்தர நிலவரித் திட்டத்துக்குப் பிறகு, ஜமீன் வாங்கிக் குத்தகை வசூலிப்பதுதான் வங்காளத்தில் கௌரவமான முதலீடு. ஆலை, தொழிற்கூடம் என்று இறங்கினால் சொந்தக்காரர்களே புத்தி சொல்ல வருவார்கள்.

1905இல் கர்சன் பிரபு வங்காளத்தைப் பிரித்தார். அந்த ஆகஸ்ட் 7ஆம் தேதி கல்கத்தா நகர மண்டபத்தில் கூட்டம் கூடி, அந்நியப் பொருள்களைப் புறக்கணிப்பதாக முடிவெடுத்தார்கள். சரி, மான்செஸ்டர் துணி வேண்டாம், லிவர்பூல் உப்பு வேண்டாம். பதிலுக்கு எதை வாங்குவது? இந்தக் கேள்வியைக் கைக்காசு போட்டு எதிர்கொண்ட ஒரு சிலரில் நீல்ரதன் முக்கியமானவர். நேஷனல் சோப்பு ஆலை, நேஷனல் டேனரி என்ற தோல் ஆலை ஆகிய இரண்டும் அவர் முயற்சியில் எழுந்தவை. தேயிலையிலும் முதல் போட்டார்.

சோப்புக்கு வேண்டிய எண்ணெய் நம் நாட்டில் கிடைத்தது. காஸ்டிக் சோடா மட்டும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். எண்ணெயையும் காஸ்டிக் சோடா கரைசலையும் சேர்த்துக் காய்ச்சினால்தானே சோப்பு? சுதேசி சோப்பின் பாதி உயிர் சீமைச் சரக்கை நம்பி இருந்தது என்பதே அன்றைய நிலை. கப்பல் கூலி ஏறினால் சோப்பின் விலையும் ஏறும். விலை ஏறினால், ஊர்வலத்தில் வந்தே மாதரம் சொன்னவர் வீட்டிலேயே மறுபடி வெளிநாட்டு சோப்பு வந்து உட்காரும். பாதுகாப்பு வரி போட்டுக் காப்பாற்ற அரசாங்கம் தயாராக இல்லை.

தோல் ஆலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வங்காளத்திலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் மாட்டுத்தோலுக்குப் பஞ்சமே இல்லை. அத்தனையும் உப்புப் போட்டோ வெயிலில் காயவைத்தோ பச்சைத் தோலாகவே கப்பல் ஏறியது. முதல் உலகப் போருக்கு முன்னால் அந்த வியாபாரத்தில் ஜெர்மன் கம்பெனிகளின் கைதான் ஓங்கியிருந்தது. நம் சென்னை மாகாணத்தில் நிலைமை வேறு. இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு அரைப்பதமாகப் பதனிட்டு அனுப்பும் தொழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900களின் தொடக்கத்தில் குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்ததும் சென்னையில்தான். வங்காளத்தில் அந்த குரோம் முறையை முதலில் கையில் எடுத்த ஆலைகளில் ஒன்று நீல்ரதனின் நேஷனல் டேனரி.

குரோம் முறை என்றால் என்ன? தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிரையும் சதையையும் நீக்கி, சுண்ணாம்பைப் போக்கி, அமிலத்தில் பதப்படுத்துகிறோம். அதுவரை தோல் வெள்ளையாக, வழவழவென்று கையை விட்டு நழுவும். அப்புறம் அது பெரிய மர டிரம்முக்குள் குரோமிய உப்புக் கரைசலோடு சுழல்கிறது. வெளியே எடுக்கும்போது ஈரத்தோடு வெளிர்நீலமாக இருக்கும். ஓர் ஓரத்தில் கத்தியால் சிறிய கீறல் போட்டு, வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் குரோம் இன்னும் உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். பட்டையில் வாரக்கணக்கில், கனத்த தோலென்றால் மாதக்கணக்கில், ஆகும் வேலை இதில் சில நாளில் முடியும். ஆனால் அமிலம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ அந்த டிரம்மில் உள்ள தோல் மொத்தமும் பாழ். வேதியியல் தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்காமல் இந்தத் தொழில் நடக்காது. அப்படிப்பட்ட ஆள்கள் அன்றைய கல்கத்தாவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேல்சாதி வங்காளிகள் தோல் தொழிலைத் தீண்டவே மாட்டார்கள். அது தோல் வேலை செய்யும் சமார் சாதியினர் கையிலும் முஸ்லிம் வியாபாரிகள் கையிலும் இருந்தது. பிற்பாடு கல்கத்தாவின் டாங்ரா பகுதியில் சீனர்கள் வந்து சேர்ந்தார்கள். நீல்ரதன் பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தைச் சேர்ந்தவர், சாதி பார்க்காதவர். ஆனால் சாதியை மேடையில் மறுப்பது வேறு, பச்சைத்தோல் நாற்றம் அடிக்கும் இடத்தில் சொந்தப் பணத்தைக் கொட்டுவது வேறு. காலையில் பெரிய மனிதர் வீடுகளில் நாடி பார்க்கும் டாக்டர் தோல் ஆலைக்கு முதலாளியாகவும் இருக்கிறார் என்பதை அன்றைய கல்கத்தா எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வாங்கிய எந்தப் பட்டத்தையும்விட இந்தத் துணிச்சலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆலையில் லாபம் வரவில்லை. முதல் போதவில்லை, இயந்திரமும் ரசாயனமும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது, தேர்ந்த நிர்வாகிகள் கிடைக்கவில்லை. நோயாளிகளிடம் வாங்கிய ஃபீஸ் ஆலைக்குப் போயிற்று. பெரும் பணம் கரைந்தது, கடனும் ஏறியது. அந்தக் காலத்துச் சுதேசி ஆலைகள் பலவற்றின் கதையும் இதுதான். பிரபுல்ல சந்திர ராயின் பெங்கால் கெமிக்கல் நிலைத்து நின்றதற்கு ஒரு காரணம், தரமான மருந்தைச் செய்து கொடுத்தால் சீட்டு எழுதித்தர இந்திய மருத்துவர்கள் பக்கபலமாக இருந்தார்கள் என்பது. மருந்துக்கு அப்படி ஒரு துணை அமைந்தது. சோப்புக்கும் பூட்ஸுக்கும் சந்தையில் அப்படித் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை.

ஆள் இல்லாமல் ஆலை இல்லை என்பதை நீல்ரதன் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன். 1906 ஜூலையில் வக்கீல் தாரக்நாத் பாலித் முதலியவர்களோடு சேர்ந்து பெங்கால் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் தொடங்கப் பாடுபட்டார். தேசியக் கல்விக் கழகத்தோடு இணைந்து வளர்ந்த அந்த நிறுவனம்தான், 1955இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆயிற்று. மருத்துவக் கல்வியிலும் இப்படித்தான். அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் இந்திய மருத்துவர்களே கட்டியெழுப்பிய பெல்காச்சியா மருத்துவக் கல்லூரி 1916இல் திறக்கப்பட்டது. அதில் ராதா கோவிந்த கர் பெயருக்குப் பக்கத்தில் இவர் பெயரும் வரவேண்டும். இன்று அதை ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி என்கிறோம். சர் பட்டம், 1919 முதல் 1921 வரை கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி, சட்ட மேலவை என்று பொறுப்புகள் தொடர்ந்து வந்தன. வைத்தியத்தை மட்டும் அவர் விடவே இல்லை.

1937 செப்டம்பரில் தாகூர் சாந்திநிகேதனில் திடீரென்று நினைவிழந்து விழுந்தார். கல்கத்தாவிலிருந்து மருத்துவர்களை அழைத்துக்கொண்டு போய் அவரைப் பிழைக்க வைத்தவர் நீல்ரதன். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘செஞ்ஜுதி’ கவிதைத் தொகுப்பைத் தாகூர் அவருக்கே காணிக்கை ஆக்கினார். இருட்டுக் குகையிலிருந்து சூரிய வெளிச்சத்துக்குத் திரும்பி வந்தேன் என்று தொடங்குகிறது அந்தக் காணிக்கைக் கவிதை. 1941இல் தாகூருக்கு அறுவை சிகிச்சை செய்வதா என்ற பேச்சு வந்தபோது, வேண்டாம் என்ற பக்கம் நின்றவர் நீல்ரதன். அறுவை நடந்தது. ஆகஸ்ட் 7ஆம் தேதி கவிஞர் காலமானார்.

நீல்ரதன் 1943 மே 18ஆம் தேதி, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கிரிடியில் மறைந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு கேம்பெல் கல்லூரிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். வங்காளி மொழியில் மருத்துவம் படித்துக் கீழ்நிலைப் பட்டத்தோடு அவர் வெளியே வந்த அதே இடம்தான் அது.

தோல் தொழிலைப் பொறுத்தவரை, நீல்ரதன் ஆலை நடத்திய அந்தக் கல்கத்தாவில் 1919இல் அரசாங்கமே தோல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை ஏற்படுத்தியது. பின்னால் அது வங்காளத் தோல் பதனிடும் கழகம் ஆனது. அதற்குத் தலைமை வகித்தவர் பேராசிரியர் பி. எம். தாஸ். 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தபோது அதன் முதல் இயக்குநராக வந்தவரும் அவரே. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளுக்கு அங்கே படித்த எத்தனையோ பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களிடம்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன்.

கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.