கள்ளனுக்குத்தான் கள்ளனைத் தெரியும்: விலங்குகள் யோசிக்குமா?

வணக்கம். இன்றைக்கு கேமராவை வைத்துவிட்டு நேராகப் பேசப்போகிறேன், ரொம்ப நாளாக மனதில் ஓடுகிற விஷயம் இது. என் காலடியில் படுத்திருக்கிறாளே என் நாய், இவள் நான் வெளியே கிளம்ப நினைத்தாலே போதும், எழுந்து வாசலில் போய் நிற்பாள். செருப்பைத் தொட்டிருக்க மாட்டேன், ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். என் எண்ணம் இவளுக்குத் தெரிகிறது என்றே நம்பியிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் கவனித்தேன். எழுவதற்கு முன்னால் நான் எப்போதும் லேப்டாப்பை மூடுகிறேன், அந்தச் சத்தத்துக்கு முதலில் இவள் காது நிமிர்கிறது. சரி என்று, எங்கும் போகிற எண்ணமே இல்லாமல் மூடிப் பார்த்தேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். இன்னொரு நாள் மூடாமலே எழுந்தேன், கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஆக, இவளுக்குத் தெரிந்தது என் எண்ணம் இல்லை, அந்தச் சத்தம்.

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போட்டதே, அதிலும் இதுதான் நடந்தது. விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பால் தட்டும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்தபோது, கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை துளி அசையும், அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அவர்களுக்கே தெரியாத அசைவு அது! ஏமாற்று என்று இதைத் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை, அந்தக் கவனமே பெரிய விஷயம். ஆனால் உடம்பைக் கவனிப்பது வேறு, மனதில் இருப்பதை அறிவது வேறு.

அந்தக் கோட்டைத் தாண்டுகிற விலங்கு உண்டா என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஸ்க்ரப் ஜே என்கிற பறவையை. காக்கை இனம்தான். தீனியைப் பதுக்கிவைத்துப் பிறகு எடுத்துத் தின்னும். 2001-ல் நேதன் எமரி, நிகோலா கிளேட்டன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பறவை புழுக்களை ஒளித்துவைக்கும்போது இன்னொன்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தனியாக விட்டதும், ஒளித்த பறவை புழுக்களை எடுத்து வேறு இடத்துக்கு மாற்றியது. யாரும் பார்க்காமல் ஒளித்திருந்தால் அவ்வளவாக மாற்றவில்லை.

நான் அசந்துபோனது இதற்கு அடுத்த பகுதியில்தான். அப்படி இடம் மாற்றியவை எல்லாம், முன்பு தாங்களே மற்ற பறவையின் தீனியைத் திருடியவை. திருடிப் பழகாத பறவைகளும் பார்க்கப்பட்டன, ஆனால் மாற்றவில்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்கிறோமே, அது ஒரு கூண்டுக்குள் அப்படியே நடந்திருக்கிறது. தான் செய்ததை வைத்து எதிரி என்ன செய்வான் என்று யோசிப்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

எதிரில் நிற்கிற பறவையின் பார்வையைக் கண்டுதானே உஷாராகின்றன என்று சிலர் மறுத்தார்கள், அதுவும் நியாயமான கேள்விதான். 2016-ல் தாமஸ் புக்னியார் குழுவினர் ரேவன் என்கிற பெரிய காக்கைகளை வைத்து அதற்கு ஒரு வழி கண்டார்கள். முதலில் அவற்றையே ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பக்கத்து அறையைப் பார்க்கப் பழக்கினார்கள். பிறகு ஓட்டை திறந்திருக்க, அந்தப் பக்கமிருந்து காக்கைச் சத்தத்தைப் பதிவுபண்ணி ஓடவிட்டார்கள், அங்கே பறவை எதுவும் இல்லை. இருந்தும், யாரோ பார்ப்பது போலவே அவை அவசரமாகத் தீனியை ஒளித்தன. ஓட்டையை மூடியதும் அந்த அவசரம் இல்லை. கண்ணும் இல்லை, உடம்பும் இல்லை, எதைப் பார்த்து உஷாரானது?

சரி, நாய்க்கு வருகிறேன், இவளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. 2021-ல் ஜெர்மனியில் நடந்த சோதனையில், கண்ணாடி போன்ற தடுப்பின் இடைவெளி வழியாக நாய்களுக்குத் தீனி கொடுத்தார்கள். சில நேரம் வேண்டுமென்றே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள், சில நேரம் கை தவறி விழுந்தது போல விட்டார்கள். இரண்டிலும் தீனி கிடப்பது தடுப்புக்கு அந்தப் பக்கம்தான். கை தவறியபோது நாய்கள் சீக்கிரமே சுற்றிவந்து எடுத்தன, வேண்டுமென்றே மறுத்தபோது கூடுதல் நேரம் தயங்கி நின்றன.

வாரக் கடைசியில் ஒரு தடுப்பு செய்து இவளோடு இதை முயன்று பார்க்கிறேன். லேப்டாப் திறந்தே இருக்கும். வெட்டாமல் முழுசாகப் போடுகிறேன், இவள் எத்தனை நொடி தயங்குகிறாள் என்று நீங்களே எண்ணுங்கள்.