சாவி கையில் இருந்தும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

லண்டன் கேட்விக் விமான நிலையத்தின் ஓடுபாதையை ஒட்டினாற்போல் புரூக் ஹவுஸ் என்ற குடிவரவுத் தடுப்பு முகாம் இருக்கிறது. 2009-இல் திறக்கப்பட்டது. விசா முடிந்தவர்கள், புகலிடம் மறுக்கப்பட்டவர்கள், சிறைத் தண்டனையை முடித்துவிட்டு நாடுகடத்தலுக்குக் காத்திருப்பவர்கள் ஆகியோரை அங்கே அடைக்கிறார்கள். எவரும் அங்கே தண்டனை அனுபவிப்பதில்லை. ஆனால் கட்டடம் சிறைக்குரிய பாதுகாப்போடு கட்டப்பட்டது. ஜன்னல்கள் திறக்காது. 2017-இல் இரவு ஒன்பது மணிக்கு அறையைப் பூட்டினால் காலை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அறைக்குள்ளேயே கழிவறை; மறைப்புக்கு ஒரு திரை மட்டும். மூன்று நாட்களுக்கு மேல் எவரும் தங்க மாட்டார்கள் என்று எண்ணிக் கட்டிய இடத்தில் மாதக்கணக்கில் ஆட்களை வைத்திருந்தார்கள். எப்போது வெளியே விடுவார்கள் என்பது அடைபட்டவருக்குத் தெரியாது. பிரிட்டனில் குடிவரவுத் தடுப்புக்குச் சட்டத்தில் கால வரம்பே இல்லை.

2017 ஏப்ரல் மாதம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ள முயன்ற ஒருவரைத் தடுப்பதாகச் சொல்லி, ஒரு காவல் ஊழியர் அவருடைய கழுத்தை இரு கைகளாலும் நெரித்தார். தூங்க வைத்துவிடுகிறேன் என்று வசைச் சொற்களோடு மிரட்டினார். சக ஊழியர்கள் அருகில் இருந்தார்கள். பலப்பிரயோகம் நடந்தால் நிரப்ப வேண்டிய படிவத்தை ஒருவரும் நிரப்பவில்லை. இது வெளியே வந்தது எப்படி? அதே முகாமில் வேலை பார்த்த ஓர் இளைஞர் மனம் பொறுக்காமல் உடையில் ரகசியக் கேமராவை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். செப்டம்பரில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி அந்தக் காட்சிகளை ஒளிபரப்பியது.

கேட் ஈவ்ஸ் தலைமையிலான பொது விசாரணை 2023 செப்டம்பரில் அறிக்கை தந்தது. 2017 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான ஐந்து மாதங்களை மட்டும்தான் அது ஆராய்ந்தது. சித்திரவதையையும் மனிதத்தன்மையற்ற நடத்தையையும் தடைசெய்யும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவை மீறியதாகக் கருதத்தக்க 19 சம்பவங்களுக்கு நம்பத்தகுந்த சான்று இருப்பதாகச் சொன்னது. ஒரே முகாமில், ஐந்தே மாதத்தில், 19.

நான் இன்று பேச வந்தது அந்தக் கொடுமையைப் பற்றி மட்டும் அல்ல. அந்த ஐந்து மாதமும் புரூக் ஹவுஸில் கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள். 1999-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு ஒவ்வொரு தடுப்பு மையத்துக்கும் ஒரு பார்வையாளர் குழு வேண்டும் என்கிறது. இன்று அதைச் சுதந்திரக் கண்காணிப்பு வாரியம் என்கிறார்கள். சம்பளம் இல்லாத தொண்டர்கள். அவர்களிடம் சாவி உண்டு. எந்த நேரத்திலும், எந்தப் பிரிவுக்குள்ளும் போகலாம். தலைமைச் சிறை ஆய்வாளர் அலுவலகமும் 2016 இறுதியில் அந்த முகாமை ஆய்வு செய்து, நிலைமை ஓரளவு நன்று என்றே மதிப்பிட்டிருந்தது. அடுத்த சில மாதங்களில்தான் கேமரா உள்ளே போனது.

சாவி கையில் இருந்தும் ஏன் தெரியாமல் போனது? அந்த வாரியத்தில் இருந்தவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கண்காணிப்பாளர் பார்ப்பது பெரும்பாலும் பதிவேட்டை. பதிவேட்டை எழுதுபவரோ அதே காவல் ஊழியர். படிவம் நிரப்பப்படவில்லை என்றால், காகிதத்தில் அன்று எதுவுமே நடக்கவில்லை. பூட்டிய அறைக்குள் நள்ளிரவில் நடப்பதைப் பகலில் வருபவர் எப்படி அறிவார்? புகார்ப் பெட்டியில் கடிதம் குறைவாக விழுந்தால் குறை இல்லை என்று கொள்ள முடியுமா? நாளை தன்னை விமானத்தில் ஏற்றப் போகிறவர்களிடமே, ஆங்கிலத்தில், எழுத்தில் புகார் கொடுக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? விசாரணை இதையெல்லாம் அலசியது. நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதில் வாரியம் போதிய உறுதி காட்டவில்லை என்றும் சொன்னது. பின்னர் ஆய்வாளர் அலுவலகம் தன் முறையை மாற்றி, அடைபட்டவர்களையும் ஊழியர்களையும் தனித்தனியே, ரகசியமாகச் சந்திக்கத் தொடங்கியது. நல்ல மாற்றம். ஆனால் அதற்கு ஒரு ரகசியக் கேமரா தேவைப்பட்டது என்பதை நான் மறக்கத் தயாராக இல்லை.

கண்காணிப்பே எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அது நம்மவர்கள் கதை. 2021 அக்டோபரில் ஈழத் தமிழர்கள் சென்ற படகொன்று பழுதாகி, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனின் வசமுள்ள டியேகோ கார்சியா தீவில் கரை சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் தீவு அது. குழந்தைகளோடு கூடாரங்களில், வேலிக்குள், காவலோடு வைத்தார்கள். கூடாரத்துக்குள் எலிகள் ஓடின. பத்திரிகையாளர்கள் நினைத்தால் போகக்கூடிய இடம் அல்ல. ஐ.நா. அகதிகள் முகமையின் குழு 2023 இறுதியில்தான் அங்கே கால் வைத்தது. 2024 ஜூலையில் தீவிலேயே நடக்கவிருந்த நீதிமன்ற விசாரணையை அமெரிக்கா பாதுகாப்பைக் காரணம் காட்டித் தடுத்தது. செப்டம்பரில் நீதிபதி நேரில் சென்று பார்த்தார். டிசம்பரில் தீர்ப்பு வந்தது: அந்த மக்கள் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல். அந்தக் காலம் முழுவதும் அவர்கள் அடைபட்டவர்களே அல்ல என்று அதிகாரிகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டன், சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையை 2003-இலேயே ஏற்ற நாடு. அந்த நெறிமுறை தெளிவாகப் பேசுகிறது: எந்த இடத்தைப் பார்ப்பது என்பதைக் கண்காணிப்பவரே தேர்ந்தெடுப்பார், அடைபட்டவரோடு சாட்சி இல்லாமல் தனியே பேசுவார், தகவல் கொடுத்தவரை எவரும் பழிவாங்கக் கூடாது. இதற்காக 2009-இல் தேசியத் தடுப்புப் பொறிமுறை ஒன்றையும் அமைத்தார்கள்; இங்கே தடுப்பு என்பது ஆட்களை அடைப்பது அல்ல, சித்திரவதை நடக்காமல் தடுப்பது. ஆனால் அந்தப் பொறிமுறைக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றவில்லை. ஆய்வாளர் பரிந்துரைப்பார், அமைச்சு பதில் எழுதும், அடுத்த ஆய்வில் அதே பரிந்துரை மீண்டும் வரும். ஒருவரை 28 நாளுக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்று புரூக் ஹவுஸ் விசாரணை கேட்ட கால வரம்பையே அரசு மறுத்துவிட்டதே!

ஆகவே நம் கோரிக்கைகளை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தெளிவாக வைப்போம். கண்காணிப்பு அமைப்புக்குத் தனிச் சட்டமும் தனி நிதியும் வேண்டும். முன்னறிவிப்பில்லாத இரவு வருகை வேண்டும். வரும்போதே தகுந்த மொழிபெயர்ப்பாளர் உடன் வரவேண்டும். சக கைதியை வைத்து ஒப்பேற்றுவது கூடாது. புகார் சொன்னவரை, அந்தப் புகார் விசாரிக்கப்படும் முன்பே நாடுகடத்தக் கூடாது. டியேகோ கார்சியா போன்ற கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளும் இதற்குள் வரவேண்டும்.

இன்னொன்று, இங்கே இருப்பவர்களுக்கு. கண்காணிப்பு வாரியங்களில் சேர 18 வயது நிறைந்திருந்தால் போதும். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சம்பளம் கிடையாது, பயணச் செலவைத் தருவார்கள்; பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு பயிற்சியும் உண்டு. தமிழில், சிங்களத்தில், தாரியில், அரபியில் கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் அங்கே வேண்டும். தடுப்பு முகாம் வாசலைக் கடந்து இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். இடம் காலியாகும்போது விளம்பரம் செய்வார்கள். விண்ணப்பம் நிரப்பத் துணை வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு பேசுங்கள்.