சுவரின் நிறமும் நம் ஊர் வெயிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை மழை சற்று ஓய்ந்ததும் திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பகுதிப் பெயின்ட் கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம் என்பதால், சுண்ணாம்பு போய் எமல்ஷன் வந்த பிறகும் அந்தக் காலக்கணக்கு மாறவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் அச்சிட்ட ஷேட் கார்டைக் கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் விரித்து, தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்து, கால் மணி நேரத்தில் ஒரு வீட்டுக்கே நிறம் முடிவு செய்துவிடுகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பக்கத்தில் வீடு கட்டும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது, அந்தக் கார்டைக் கடைசியில் கையில் எடுங்கள் என்பதுதான். ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து, எந்த நேரத்தில், எதன் மேல் பட்டு வருகிறது என்பதை அதற்கு முன் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வடக்குப் பார்த்த அறையில் வெயிலே விழாது, அங்கே வருவது குளிர்ந்த நீல வெளிச்சம், ஆகவே மஞ்சள் சார்ந்த நிறமே அதற்குப் பொருந்தும் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். குளிர்நாடுகளுக்கு அது சரி. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டி நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து, அதன்பின் ஆவணி நடுப்பகுதி வரை வடக்கே சாய்ந்தே நிற்கிறது. ஆனி மாதத்தில் அது நேர்கிழக்கிலிருந்து 23 பாகைக்கும் மேல் வடக்கே தள்ளி உதிப்பதால், காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னல் வழியாகச் சாய்வெயில் உள்ளே நுழைந்துவிடுகிறது. மார்கழியிலோ நண்பகலில்கூட 32 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும் சூரியன், தெற்குச் சன்னல் உள்ள அறையின் தரை வரை வெயிலை நீட்டுகிறது. ஆகவே ஒரே அறை ஆண்டில் இரண்டு விதமான வெளிச்சத்தைக் காண்கிறது என்று கொள்ள வேண்டும். மார்கழியில் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறத்தோடுதான் ஆனியிலும் நீங்கள் குடியிருக்கப் போகிறீர்கள்.

மேற்குப் பார்த்த அறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அங்கே விழும் வெயில் மஞ்சளும் சிவப்பும் கலந்தது. அதன் மேல் நாமும் ஆரஞ்சோ சந்தன மஞ்சளோ அடித்துவிட்டால், மாலையில் அந்த அறையில் உட்காருகிறவருக்கு அடுப்பின் முன் உட்கார்ந்த உணர்வே வரும். இளஞ்சாம்பலோ வெளிறிய நீலப்பச்சையோ அங்கே கண்ணுக்கு இதம். கண்ணுக்கு இதம் என்றுதான் சொன்னேன். உள்சுவருக்கு நீலம் அடித்தால் வீடு குளிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெக்கையைக் குறைக்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் ஒரு பங்கை மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளை பூசச் செலவிடட்டும்.

நேரடி வெயிலைப் போலவே, எதிரொளித்து வரும் வெளிச்சமும் சுவரை மாற்றும். திசையன்விளைப் பக்கம் உறவினர் ஒருவருக்கு வீடு கட்டியபோது, முன்னறைக்குத் தந்தவெள்ளை நிறம் என்று நானே எழுதிக்கொடுத்தேன். முற்றம் முழுவதும் தேரிச் செம்மண். காலை வெயில் அந்த மண்ணில் பட்டுச் சன்னல் வழியாக உள்ளே ஏற, சுவர் ரோஸ் நிறத்தில் நின்றது. பெயின்டர் டப்பாவை மாற்றிவிட்டார் என்று அவரைக் கோபித்துக்கொண்டேன். மதியம் வெயில் முற்றத்தைவிட்டு நகர்ந்ததும் சுவர் பழையபடி தந்தவெள்ளையானது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலை ஒட்டிய வீடுகளில் நெல் பச்சை கட்டி நிற்கும் மாதங்களில் இதே போன்ற பச்சைச் சாயலைக் காணலாம். அடுத்த வீட்டுச் சுவர், உங்கள் வீட்டுச் சிவப்புச் சிமென்ட் தரை, பளபளக்கும் டைல்ஸ் எல்லாமே இந்த வேலையைச் செய்கின்றன.

நம் முன்னோர் வீடுகளில் வெள்ளை, காவி, மஞ்சள், நீலம் என்று நான்கைந்து நிறங்களே இருந்தன. அதை அடக்கமான ரசனை என்று பாராட்டுவோர் உண்டு. எனக்கென்னவோ அதில் பாதிப் புகழ் சுண்ணாம்புக்குச் சேர வேண்டும் என்று தோன்றுகிறது. சுண்ணாம்பு கடுமையான காரம். பெரும்பாலான சாயங்கள் அதில் வெளுத்துப்போகும். இரும்பு ஆக்சைடு உள்ள காவியும் மஞ்சள் மண்ணும், அல்ட்ராமரின் என்னும் நீலமும் அதைத் தாங்கி நிற்கும். சுண்ணாம்பின் லேசான மஞ்சளை மறைக்கவே வெள்ளையடிக்கும்போது ஒரு சிட்டிகை நீலம் கலந்தார்கள்.

டவுன் பக்கத்து வளவு வீடுகளில் இருபுறமும் பொதுச்சுவர் என்பதால், வெளிச்சம் முன்வாசலிலும் பின்வாசலிலும் மட்டுமே வரும். நடுவில் உள்ள, அரங்கு வீடு எனப்படும் உள்ளறை பகலிலும் இருட்டு. அங்கே தூய வெள்ளை அடித்தால் வெளிச்சமாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. நல்ல வெள்ளைச் சுவர், விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் திருப்பி அனுப்ப முதலில் ஒளி விழ வேண்டுமல்லவா? ஒளி குறைந்த இடத்தில் வெள்ளை அழுக்குச் சாம்பலாகத் தெரியும். வெண்ணெய் நிறமோ வெளிறிய மஞ்சளோ அடித்து, மேல்தளத்துக்கு மட்டும் வெள்ளை பூசினால் அந்த அறை தேறும்.

இரவு விளக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என் சொந்த வீட்டுப் படுக்கையறைக்கு, பகலில் பார்த்து மயங்கி, இளம்பச்சை அடித்தேன். அங்கே இருந்தது 6500 கெல்வின் எல்இடி விளக்கு. நீலம் தூக்கலான வெள்ளை ஒளி. முதல் நாள் இரவு என் மனைவி கதவருகே நின்று, “டாக்டர் ரவுண்ட்ஸ் வர எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார். மறுநாள் மஞ்சள் சார்ந்த ஒளி தரும் 2700 கெல்வின் விளக்கு வாங்கி மாட்டினேன். பச்சை சாந்தமாகி, அறை மீண்டும் வீட்டு அறையானது. பெயின்டுக்குச் செலவழித்த பிறகு விளக்கை மாற்றித் தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

இத்தனையும் பார்த்த பின் இரண்டு மூன்று நிறங்களைச் சிறிய டப்பாவில் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்த நிறம் அன்று. எமல்ஷன் பெரும்பாலும் காய்ந்தபின் சற்று அழுத்தமாகும். அட்டையைச் சன்னல் சுவரிலும் அதன் எதிர்ச்சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து வைத்து, காலை, பிற்பகல், விளக்கு வைத்த பின் என மூன்று நேரமும் பாருங்கள். நான்கு சுவரிலும் ஏறிய நிறம் ஒன்றன் மேல் ஒன்று எதிரொளித்துக் கூடிவிடும் என்பதால், மனத்துக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பதே பாதுகாப்பு.

அடுக்களைக்குத் துடைத்தால் அழுக்குப் போகும் லேசான பளபளப்பு தேவை. மற்ற அறைகளுக்குப் பளபளப்பில்லாத மேட் போதும், பட்டி பார்த்ததில் உள்ள மேடுபள்ளத்தை அது மறைக்கும். சுவரில் ஓதம் இருந்தால் எந்த நிறமும் நிற்காது; உப்புப் பூத்து உரியும். ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு புறமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர் முத்துகள் கோத்திருந்தால் இன்னும் காயவிட வேண்டும். பன்னிரண்டுக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்றால் சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. கதவு சன்னல் போக 400 என்று வைத்துக்கொண்டு, இரண்டு கோட்டுக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா டப்பாவையும் ஒரே நாளில், ஒரே தொகுதி எண்ணில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவதில் அரை லிட்டரை இறுக மூடி வைத்து, ஷேட் எண்ணையும் அறையின் பெயரையும் மூடி மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைக்கும்போது அது தேவைப்படும்.

வணக்கம்.