444-க்கு 94: ஜெர்மனி நாடாளுமன்றம் தனக்கே சாவுமணி அடித்த சாயங்காலம்

வணக்கம் நண்பர்களே. ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். ஜெர்மனியின் ஜனநாயக அரசியல் சட்டத்தை ஹிட்லர் எந்த ஆண்டு ரத்து செய்தார்? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள்.

யோசித்தாயிற்றா? ரத்து செய்யவே இல்லை. 1919-ல் வைமர் நகரத்தில் நிறைவேற்றிய அந்தச் சட்டம், 1945-ல் ஹிட்லர் செத்தபோதும் பெயரளவில் உயிரோடுதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டே ஒரு நாட்டை எப்படி முழுசாக விழுங்க முடிந்தது? அதுதான் இன்றைய வீடியோ.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் தோல்வி, மன்னர் கெய்சர் நெதர்லாந்துக்கு ஓட்டம், வெர்சாய் ஒப்பந்தம், நஷ்டஈடு, 1923-ல் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்று போன பணவீக்கம். இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.

ஆனால் ஒரு விஷயத்தைத் திருத்தியாக வேண்டும். "பணவீக்கம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தது" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். பணவீக்கம் அடங்கி நாலரை வருஷம் கழித்து, 1928-ல் தேர்தல் நடந்தது. நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம், 12 இடம். அவ்வளவுதான். 1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து, ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் 60 லட்சத்தைத் தொட்ட பிறகுதான் கதை மாறியது. 1930-ல் 107 இடம். 1932 ஜூலையில் 230 இடம், 37 சதவீதம். அதே வருஷம் நவம்பரில் மறுபடி தேர்தல் வந்தது. நாஜிகள் சுமார் 20 லட்சம் ஓட்டை இழந்து 196 இடத்துக்கு இறங்கினார்கள். சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் ஹிட்லருக்குப் பெரும்பான்மை கிடைத்ததே இல்லை. இதை மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

[திரையில்: "பிரிவு 48"]

சரி, கதவு எங்கே திறந்தது? அரசியல் சட்டத்தின் 48-ஆம் பிரிவில். நாட்டின் அமைதிக்கு ஆபத்து வந்தால் ஜனாதிபதி அவசர ஆணை போடலாம், அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கலாம். நாடாளுமன்றம் வேண்டாம் என்றால் அந்த ஆணை செல்லாது. பாதுகாப்பு இருக்கிறதே என்று தோன்றும். 1930 ஜூலையில் சான்சலர் (நம் ஊர் பிரதமர் மாதிரி) புரூனிங்கின் பட்ஜெட் ஆணையை நாடாளுமன்றம் அப்படித்தான் நிராகரித்தது. உடனே ஜனாதிபதி ஹிண்டன்பர்க் நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டார். அதற்கும் சட்டத்தில் இடமிருந்தது. 1932-ஆம் வருஷக் கணக்கைப் பாருங்கள்: நாடாளுமன்றம் போட்ட சட்டம் 5, அவசர ஆணை 66. ஹிட்லர் வருவதற்கு முன்பே அந்த நாடாளுமன்றம் சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்குப் பொறுப்பு ஹிண்டன்பர்க்கும் அவரைச் சுற்றி இருந்தவர்களும்தான் என்பது என் உறுதியான கருத்து.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்களுக்கு இங்கே மணி அடித்திருக்கும். நெருக்கடி காலத்தில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு எந்த நாட்டிலிருந்து எடுத்தது? வைமர் ஜெர்மனி. 1949-ல் நம் அரசியல் நிர்ணய சபையிலேயே எச்.வி. காமத் எழுந்து, வைமருக்கு நேர்ந்த கதியைச் சொல்லி இந்தப் பிரிவுகளை எதிர்த்தார். அது தனி வீடியோவுக்கான விஷயம். வேண்டும் என்றால் கமென்ட்டில் சொல்லுங்கள்.

1933 ஜனவரி 30. ஹிண்டன்பர்க் ஹிட்லரைச் சான்சலர் ஆக்குகிறார். அமைச்சரவையில் அவரோடு சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். இந்த ஆளை நாம் அடக்கிவைக்கலாம் என்று துணைச் சான்சலர் பாப்பன் நம்பினார். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே 48-ஆம் பிரிவின்படி ஆணை: பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை எல்லாம் "மறு அறிவிப்பு வரும் வரை" நிறுத்தம். அந்த மறு அறிவிப்பு 12 வருஷமாக வரவில்லை. கம்யூனிஸ்டுகள் ஆயிரக்கணக்கில் கைதானார்கள். இந்த மிரட்டலுக்கு நடுவே மார்ச் 5-ல் தேர்தல். அப்போதும் நாஜிகளுக்கு 43.9 சதவீதம்தான்.

இப்போது இந்த வீடியோ எதற்காகவோ, அந்த இடத்துக்கு வந்துவிட்டோம். கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

[திரையில்: 647 / 432 / 340]

மொத்த உறுப்பினர்கள் 647. நாடாளுமன்றம் இல்லாமலே அமைச்சரவை சட்டம் போடலாம், அந்தச் சட்டம் அரசியல் சட்டத்தை மீறியும் இருக்கலாம் என்று ஒரு மசோதா கொண்டுவர ஹிட்லருக்கு ஆசை. அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் இரண்டு பூட்டு. ஒன்று, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள், அதாவது 432 பேர், அவையில் இருக்க வேண்டும். இரண்டு, வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரிக்க வேண்டும். நாஜிகள் 288, கூட்டணிக் கட்சி 52. ஆக 340.

கம்யூனிஸ்டுகள் 81 பேர் சிறையிலோ தலைமறைவாகவோ இருக்கிறார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் 120 பேரும் வராமல் இருந்துவிட்டால் மீதி 446. இன்னும் 15 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டால் போதும், கோரம் கிடையாது, மசோதா அவுட்!

இதை உள்துறை அமைச்சர் ஃபிரிக்கும் போட்டுப் பார்த்திருந்தார். அதனால் ஓட்டெடுப்பு நடந்த மார்ச் 23 அன்றைக்கே முதல் வேலையாக அவை விதியைத் திருத்தினார்கள்: தகுந்த காரணமில்லாமல் வராதவர், வந்தவராகவே கணக்கில் சேர்க்கப்படுவார். காரணம் தகுந்ததா என்று முடிவு செய்வது அவைத் தலைவர். அவைத் தலைவர் யார்? ஹிட்லரின் நெருங்கிய கூட்டாளி கோரிங். அப்புறம் அதே கோரிங், கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரையும் கணக்கிலேயே எடுக்கவில்லை. இந்த இடத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. துப்பாக்கியைவிட இந்த ஒரு வரித் திருத்தம்தான் எனக்கு அதிகப் பயம் தருகிறது.

மார்ச் 23. நாடாளுமன்றம் எரிந்துபோனதால் எதிரே இருந்த க்ரோல் ஓப்பரா அரங்கத்தில் கூட்டம். மேடைக்குப் பின்னால் பிரம்மாண்டமான ஸ்வஸ்திகா கொடி. நடைபாதையிலும் சுவரோரத்திலும் பழுப்புச் சட்டைக்காரர்கள், அதாவது நாஜிக் கட்சியின் அடியாள் படை. உறுப்பினர்கள் அவர்களைத் தாண்டித்தான் இருக்கைக்குப் போக வேண்டும். யூலியுஸ் லேபர் என்ற உறுப்பினரை அரங்கத்துக்கு வரும் வழியிலேயே கைது செய்தார்கள்.

எல்லாருடைய கண்ணும் கத்தோலிக்கர்களின் மையக் கட்சி மேல். எழுபதுக்கும் மேற்பட்ட ஓட்டு அவர்களிடம். தலைவர் லுட்விக் காஸ் ஒரு பாதிரியார். திருச்சபையின் உரிமைகளைத் தொடமாட்டோம் என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டார். கடிதம் வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். கட்சிக்குள் புரூனிங் உட்படச் சிலர் எதிர்த்தார்கள், ஆனாலும் கடைசியில் எல்லாரும் ஆதரித்தே ஓட்டுப் போட்டார்கள். கடிதம் வரவே இல்லை. ஜூலை 5-ல் அந்தக் கட்சியும் தன்னைக் கலைத்துக்கொண்டது.

எதிர்த்துப் பேச எழுந்தவர் ஒரே ஒருவர்தான்: சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ். சுற்றிலும் பழுப்புச் சட்டைகள் நிற்க, "எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது" என்றார். ஆத்திரத்தோடு ஹிட்லர் மறுபடி மேடையேறிப் பதில் சொன்னார். ஓட்டெடுப்பில் ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94-ம் வெல்ஸின் கட்சிக்காரர்கள். தயவுசெய்து அந்த மனிதரின் பெயரை மறக்காதீர்கள். 1939-ல் பாரிசில் அகதியாக இறந்துபோனார்.

மற்றதெல்லாம் மடமடவென்று நடந்தது. ஜூலை 14-ல் நாஜிக் கட்சி தவிர வேறு கட்சிக்கே தடை. 1934 ஆகஸ்ட் 2-ல் ஹிண்டன்பர்க் இறந்ததும் ஜனாதிபதி பதவியும் ஹிட்லர் கையில்.

அந்த 444 பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஐந்தே உறுப்பினர்கள் கொண்ட ஒரு சின்ன லிபரல் கட்சி. அதில் தியோடர் ஹொய்ஸ் என்று ஒருவர். கட்சிக்குள் மாற்றுக் கருத்து இருந்தும், ஐவரும் சேர்ந்து ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். 1949-ல் மேற்கு ஜெர்மனிக்கு முதல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இதே ஹொய்ஸ். அந்த ஓட்டைக் கடைசிவரை வெட்கக்கேடாகவே அவர் நினைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அவரை மன்னித்திருப்பீர்களா? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.