மன்னம்பிட்டியில் கோச்சிக்கும் பஸ்ஸுக்கும் ஒரே பாலம்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில் பாலம் என்றாலே கல்லடிப் பாலம்தான். பாடும் மீன், நிலவு, வாவி என்று அதன் புகழ் பாட ஆள் நிறைய உண்டு. நான் பேச வந்தது பொலன்னறுவை மாவட்டத்துக்குள் நிற்கிற ஒரு பாலத்தைப் பற்றி. நம் ஊருக்கு அது உழைத்த உழைப்பு கல்லடிப் பாலத்துக்குக் குறைந்ததல்ல, கூடத்தான் என்பேன்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடுகிற ஆறு, நாட்டிலேயே நீளமானது. மாகோவில் பிரிந்து கல்லோயா, பொலன்னறுவை வழியாக வருகிற தண்டவாளம் மன்னம்பிட்டியில் அதைத் தாண்டுகிறது. 1920களில் அங்கே இரும்புப் பாலம் எழுந்தது. 1928இல் மட்டக்களப்புக்குக் கோச்சி வந்தது. இடையில் இருந்த காடு எப்படிப்பட்டது தெரியுமா? புனாணையில் ஆட்களை அடித்துத் தின்ற சிறுத்தையைச் சுட்டுக் கொன்றது 1924இல்தான். பாதை போட வந்த கூலியாட்களின் இரவுகளை நினைத்துப் பாருங்கள்.

சரி, பாலத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஆற்றைக் கடக்க வீதிக்கென்று வேறு பாலம் இருக்கவில்லை. கோச்சி போகிற அதே தண்டவாளத்தின் மேல்தான் பஸ்ஸும் லொறியும் போகும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான். கோச்சி வந்தால் இரு கரையிலும் கேற்றை மூடிவிடுவார்கள். மழை நாளில் நனைந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் இரண்டு காலையும் தொங்கவிட்டு ஊர்ந்து போவார்கள். பின்னால் நிற்கிற லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருப்பார், ஏதோ அதைக் கேட்டுப் பாலம் அகலமாகிவிடும் என்பதுபோல!

மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடிப் பாலத்திலும் அப்போது இதே கதைதான். ஒரே பயணத்தில் இரண்டு இடத்தில் கோச்சிக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

போர்க்காலத்தில் மட்டக்களப்புச் சேவை ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது, 2003இல்தான் திரும்பியது. அப்புறம் 2007இல் ஜப்பான் உதவியோடு மன்னம்பிட்டியில் வீதிக்குத் தனிப்பாலம் திறந்தார்கள். ஏறத்தாழ எண்பது வருஷம் இரண்டு சுமை தாங்கிய பழைய பாலத்தில் இப்போது கோச்சி மட்டும் போகிறது.

கேற் காவலுக்கு நின்றவர்கள், பாதை பழுதுபார்த்தவர்கள் சிலர் ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் இன்னும் இருப்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் அப்படி ஒருவரென்றால் எங்கள் வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவர் பேசுவதைப் பதிவு செய்ய நாங்களே வருகிறோம்.